லாம் மாஸ்டர் அறுக்காமல் விட்ட மூட்டு

சென்ற மாதம் ரயில்வே பணிமனையிலிருந்து மூன்று தச்சர்கள் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு, ரயில் பெட்டிகளுக்கு நாற்காலியும் மேசையும் செய்யும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர்கள். புதிதாக ஒரு தூள் பசை வந்திருக்கிறது, பாலிலிருந்து எடுப்பது, ஈரம் பட்டாலும் எளிதில் இளகாது என்று சொன்னார்கள். பிறகு மூவரில் மூத்தவர் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணே, நீங்க போட்ட சட்டம் இன்னும் எங்க தலைமேலே உக்காந்திருக்கு. ஆளோட பளுவைத் தாங்குற மூட்டுன்னா ரெண்டு செய்யணும், ஒண்ணை அறுத்துப் பார்க்கணும். இவ்வளவு நல்ல பசை வந்த பிறகும் அது எதுக்குண்ணே? மரம் வீண், நேரம் வீண்."

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் என்னிடம் இல்லை. எழுதித் தருகிறேன் என்று அனுப்பிவைத்தேன். என் பழைய நாட்குறிப்புகளைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். நாட்குறிப்பில் நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அதையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

முப்பத்தாறாவது வயதில்தான் நான் உளியைப் பிடித்தேன். அதற்கு முன் பதினான்கு வருடம், தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளைத் தோளில் சுமக்கும் கூட்டத்தில் இருந்தேன். ஒரு மழைக்காலத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று வாரம் படுத்துவிட்டேன். எழுந்து வேலைக்குப் போனபோது கங்காணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். கட்டை தூக்க முடியாதவனுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. வேலை போனால் ரயில்வே குடியிருப்பில் வீடும் போய்விடும். எனக்கு அப்போது இரண்டு பெண் குழந்தைகள்.

அந்தச் சமயத்தில் பணிமனைக்குத் தச்சர்கள் போதவில்லை என்று, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கே மாலை வகுப்பு ஆரம்பித்தார்கள். வாரத்தில் மூன்று மாலை, அதோடு சனிக்கிழமை மதியம். ஒரு வருடம் தேறியவர்களுக்குப் பணிமனையில் வேலை. பதினோரு பேர் சேர்ந்தோம். செங்கல் சூளைகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகைதான் வகுப்பு. முதல் நான்கு மாதம் உளி தீட்டவும், மெராந்தி மரப் பலகையை வளைவில்லாமல் இழைக்கவும், கோட்டின்மேல் வாள் ஓட்டவும் போயிற்று. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாவது மாதம் மூட்டு போடத் தொடங்கினோம். பயமும் அப்போதுதான் தொடங்கியது.

சொல்லிக்கொடுத்தவர் லாம் மாஸ்டர், கான்டனீஸ் சீனர். சூளைப் பக்கத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர் என்பதால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். என்னைவிட நான்கு வயது இளையவர். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. உயர்ந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மூட்டு என்பது இதுதான். ஒரு மரச் சட்டத்தின் முனையை நாக்குப் போல மெலிதாகச் செதுக்குவது. அது சரியாக நுழையும்படி இன்னொரு கட்டையில் துளை பொளிப்பது. நாக்கு துளைக்குள் போய்விட்டால் வெளியே ஒரு மெல்லிய கோடு மட்டும் தெரியும். உள்ளே நாக்கு துளையை நிறைத்திருக்கிறதா, இடைவெளி விட்டு ஆடுகிறதா என்பது செய்தவனுக்கு மட்டுமே தெரியும். லாம் மாஸ்டருக்கு அது பிடிக்காது.

சனிக்கிழமை மதியம் எல்லோரும் அந்த வாரத்து மூட்டுகளை நீண்ட மேசையில் வைத்துவிட்டுச் சுவரோரம் நிற்போம். அவர் கைகளைக் கழுவி, துணியில் துடைத்து, ஒவ்வொருவர் முன்னாலும் வருவார். ஒருவனுடைய மூன்று மூட்டுகளில் ஒன்றை எடுப்பார். எதை எடுப்பார் என்று சொல்ல முடியாது. அதைப் பிடிகருவியில் நிறுத்தி, நடுவே நெடுக்காக மெல்லிய வாளை ஓட்டுவார். நான் அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டு நிற்பேன். பாதி பாதியாகப் பிரிந்ததும், பாக்கைப் பிளந்து பார்ப்பது போல இரண்டையும் விரித்து வெளிச்சத்துக்குத் திருப்புவார். உள்ளே இருப்பது அத்தனை பேருக்கும் தெரியும். நன்றாக இருந்தால் தலையை அசைப்பார். இல்லையென்றால் ஒரு பாதியைச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டு, அடியில் செய்தவன் பெயரைச் சாக்கட்டியில் எழுதுவார். அவ்வளவுதான். மூன்று முறை சுவரில் பெயர் ஏறினால் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பது மேலதிகாரிகளின் விதி.

என் பெயர் இரண்டு முறை ஏறிவிட்டது. இரண்டு முறையும் ஒரே குற்றம். நாக்கு தொடங்கும் விளிம்பைத் தோள் என்போம்; அந்தத் தோளுக்கும் துளையுள்ள கட்டைக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி.

"முத்தையா அண்ணே, அந்தச் சந்துலே நம்ம கிள்ளான் ரயிலே போகும் போலிருக்கே லா," என்றான் சன்னாசி. அவன் என்னோடு படித்தவன். கிள்ளான் சரக்குக் கொட்டகையில் வேலை, வகுப்புக்கு ரயிலில் வந்து போவான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாங்கள் சாப்பிடுவது தெய்வானை அக்காவின் கடையில். கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரம். மூன்று வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் அவர் கால்கள் இரண்டையும் செயலற்றதாக்கிவிட்டது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்தபடியே ஐம்பது பேருக்குச் சமைத்துப் போட்டார். அவர் வாய்க்கு யாரும் தப்ப முடியாது. ஒரு நாள் அவரே லாம் மாஸ்டரை அழைத்து, தைப்பூசத்துக்குப் பத்துமலை முருகன் குகைக்குப் படி ஏற ஒரு தூக்கு நாற்காலி செய்து தர முடியுமா என்று கேட்டார்.

"காய்ச்சல்லே கிடக்கும்போது நடந்து வரேன்னு வேண்டிக்கிட்டேன். முருகன் நடக்க விடலே. சரி, உக்காந்தே வரேன். நாலு தடியனுங்க சும்மாதானே என் சோத்தைத் தின்னுட்டுத் திரியிறானுங்க, தூக்கட்டும்."

மாஸ்டர் ஒப்புக்கொண்டார். வகுப்பில் நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தார். அதில் சன்னாசியும் இருந்தான், நானும் இருந்தேன். என்னை ஏன் எடுத்தார் என்று இன்றுவரை தெரியாது.

சயாம் தேக்கு அளவாகத்தான் கிடைத்தது. மிச்சம் ஒரு முழம்கூட இல்லை. நான்கு கால்கள், அவற்றை இணைக்கும் நான்கு சட்டங்கள், சட்டங்களின் மேல் இருக்கை, கால்களில் தூக்குக் கழி நுழையும் இரும்பு வளையங்கள். உட்காருபவரின் பளு முழுவதும் சட்டங்களின் நாக்குகள் வழியாகக் கால்களுக்கு இறங்கும். இடது பக்கச் சட்டம் என் பங்கு.

மாஸ்டர் அந்த வேலைக்கென்றே ஒரு முறையைக் காட்டினார். காலின் பக்கவாட்டில் ஓர் ஓட்டை; உள்ளே இருக்கும் நாக்கிலும் ஓர் ஓட்டை. இரண்டும் நேருக்கு நேர் இருக்கக் கூடாது. நாக்கின் ஓட்டையைத் தோள் பக்கமாக ஒரு சென்ட் காசின் தடிப்புக்குத் தள்ளிப் போட வேண்டும். மர முளையை அடிக்கும்போது அது வளைந்து நுழைந்து, நாக்கை உள்ளே இழுத்து இறுக்கிவிடும். முளை இருக்கும்வரை சட்டம் காலைவிட்டுக் கழலாது. பசை என்பது மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரம். அதைப் பற்றி முதல் வாரமே அவர் காட்டியிருந்தார்: பசையால் மட்டும் ஒட்டிய இரண்டு துண்டுகளை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு வைத்து, மறுநாள் எடுத்துக் கையாலேயே பிரித்தார்.

"வச்சிரம் சும்மா துணைக்கு. தாங்க வேண்டியது மரம்," என்றார்.

எனக்கு இடைவெளிதான் பயம். மூன்றாவது முறை இடைவெளி தெரிந்தால் நான் கட்டை சுமக்கும் கூட்டத்துக்குத் திரும்ப வேண்டும். அதனால் பின்பக்க நாக்கில் ஓட்டையை ஒரு காசுத் தடிப்புக்குப் பதில் இரண்டு காசுத் தடிப்புக்குத் தள்ளிவிட்டேன். இன்னும் நன்றாக இறுகட்டும் என்று நினைத்தேன்.

மற்றவர்கள் டீ குடிக்க அக்கா கடைக்குப் போயிருந்தார்கள். முளையை அடித்தேன். தோள் அழகாக வந்து காலோடு ஒட்டியது. கோடே தெரியவில்லை. இன்னும் ஓர் அடி அடித்தேன். உள்ளே அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம்.

முளையைத் தட்டி வெளியே எடுத்தேன். சட்டத்தை உருவினேன். ஓட்டையிலிருந்து நுனிவரை நாக்கு பிளந்திருந்தது. இனி முளையைப் பிடித்துக்கொள்ள அங்கே மரம் இல்லை. கொட்டகை வாசலைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. வச்சிரச் சட்டி சூடாக இருந்தது. பிளவில் பசையை ஊற்றினேன். மரத்தூளைப் பசையில் பிசைந்து திணித்தேன். துளைக்குள் செலுத்தி, தோள் கோட்டிலும் அதையே தடவி, இறுக்காதபடி ஒரு மெல்லிய முளையைச் செருகி, வெளியே நீட்டியதைச் சீவி எறிந்தேன். அவர்கள் திரும்பி வந்தபோது காலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்றைய நாட்குறிப்பில் ஒரே வரி இருக்கிறது: 'இடது சட்டம் பொருத்தியாயிற்று.'

அந்தச் சனிக்கிழமை மாஸ்டர் கை கழுவிவிட்டு நாற்காலியைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். வாளை எடுக்கவில்லை. மரச் சுத்தியலான கொட்டாப்புளியின் பிடியால் ஒவ்வொரு மூலையையும் ஒரு தடவை தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். என் மூலைக்கு வந்ததும் தட்டினார். மறுபடியும் தட்டினார்.

"இதை அறுத்துப் பார்க்க முடியாது. அறுத்தா அக்கா எதிலே போவாங்க? அதனாலே கேக்குறேன், ஒவ்வொருத்தரா சொல்லுங்க. உள்ளே சரியா இருக்கா?"

சன்னாசி, சரி மாஸ்டர் என்றான். மற்ற இருவரும் சொன்னார்கள். நான் கடைசி.

"சரி மாஸ்டர்."

அவர் தலையை அசைத்தார். நாட்குறிப்பில் நான் எழுதாமல் விட்டது அந்த இரண்டு சொற்களைத்தான்.

தைப்பூசத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அக்கா பலகையை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தே சமைக்க ஆரம்பித்துவிட்டார். வருகிறவர்கள் எல்லோரும் அதைத் தடவிப் பார்த்தார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு பின்பக்க இடது மூலையையே பார்ப்பேன். சமதரையில் பயமில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். நாக்கு துளைக்குள் இருக்கிறது, பளு நேராக இறங்குகிறது. ஆனால் பத்துமலைப் படி செங்குத்து. நாற்காலி பின்னால் சாயும்போது பளு சட்டத்தைக் காலைவிட்டு வெளியே இழுக்கும். இழுப்பைத் தாங்க வேண்டியது முளை. அங்கே முளை வெறும் ஒப்புக்கு. பசை தாங்கும், பசை தாங்கும் என்று அடுத்த வாய் சோற்றை விழுங்குவேன்.

"என்ன முத்தையா, நாற்காலியைச் செஞ்சதும் கண்ணு அதுமேலேயே நிக்குது? நான் ஒண்ணும் எடுத்துக்கிட்டு ஓடிட மாட்டேன்டா, காலு இல்லே," என்றார் அக்கா. கடையே சிரித்தது.

தூக்குவதற்கு ஆள் பிரித்தபோது, பின்பக்க இடது கழி எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். உடைந்தால் என் தோளாலேயே தாங்கிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. இடுப்பு பிடித்தவன் எதற்குப் பளு அதிகம் விழும் பின்பக்கத்தைக் கேட்கிறான், பின்னால் நின்றால் புண்ணியம் கூடவா என்று சன்னாசி கிண்டல் செய்தான்.

தைப்பூசத்தன்று காலை ரயிலில் போனோம். பெட்டியில் நிற்க இடமில்லை. லாம் மாஸ்டரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அக்காவின் பால் செம்பைக் கையில் பிடித்தபடி வந்தார். படி ஏறுமுன் எல்லோரும் குளிக்கிற ஆற்றங்கரையில் பெண்கள் நான்கு குடம் மொண்டு அக்காவின் தலையில் ஊற்றிவிடுவது என்று ஏற்பாடு. அக்கா ஆற்றைப் பார்த்தார்.

"மூணு வருஷமா செம்புத் தண்ணிதான் எனக்கு. ஆத்துலே இறக்குங்கடா."

"அக்கா, நாற்காலி நனையும்," என்றேன்.

"நனைஞ்சா காயும். இறக்கு."

இறக்கினோம். தண்ணீர் சட்டத்துக்கு மேலே ஏறி இருக்கையைத் தொட்டது. அவர் கண்ணை மூடிக் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் மேளமும் 'வேல் வேல்' என்ற கோஷமும். எனக்கு அந்த வாளித் தண்ணீரும், மாஸ்டர் கையில் பிரிந்து வந்த இரண்டு துண்டுகளும்தான் கண்முன் நின்றன. போதும் அக்கா என்று மூன்று முறை சொன்னேன். அரை மணி நேரம் ஆன பிறகுதான் அவர் தூக்கச் சொன்னார்.

படியடிக்கு வந்து சேர்ந்தோம். அந்த மரப்படிகள் அப்போது புதியவை. அண்ணாந்து பார்த்தால் மனிதத் தலைகளும் காவடிகளும் குகை வாயில்வரை ஒரே நெரிசல். கழியைத் தோளில் ஏற்றுவதற்கு முன் கட்டைவிரலால் என் மூட்டை அழுத்திப் பார்த்தேன். விரல் பிசுபிசுத்தது. முகர்ந்தேன். வச்சிரம்.

அப்போதும் நான் பேசவில்லை. இதைத்தான் தச்சர்கள் கவனிக்க வேண்டும். விரலில் பசையை வைத்துக்கொண்டே கழியைத் தூக்கித் தோளில் வைத்தேன். முதல் படி. இரண்டாவது. மூன்றாவது படியில் முன்னால் இருந்தவர்கள் உயர, நாற்காலி என் பக்கம் சாய்ந்தது. என் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தக் கோடு இருந்தது. கோடு திறந்தது. நகம் நுழையும் அளவு. பிறகு விரல் நுழையும் அளவு.

"இறக்குங்க. இறக்குங்க, உடைஞ்சிருக்கு," என்று கத்தினேன்.

நான்கு பேரும் பின்னோக்கி மூன்று படி இறங்கினோம். பின்னால் வந்தவர்கள் திட்டினார்கள். நாற்காலி தரையைத் தொட்டதும் சட்டம் காலிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. இருக்கை ஒரு பக்கம் சரிய, அக்காவை மாஸ்டர் தாங்கிப் பிடித்தார். பால் செம்பு உருண்டது.

வழியில் எங்காவது இடித்திருக்கும், அதில் உடைந்திருக்கும் என்று சன்னாசி சொன்னான். எனக்குத் தப்பிக்க அது ஒரு வழி. இல்லை என்றேன். முளை அடிக்கும்போதே பிளந்தது, பசை வைத்து மூடினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சன்னாசி கிண்டல் செய்யாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

"எப்போ பிளந்துச்சு?" என்று கேட்டார் அக்கா.

"பன்னிரண்டு நாளுக்கு மேலே ஆச்சு, அக்கா."

"பன்னிரண்டு நாளா என் கையாலே சோறு வாங்கித் தின்னே."

அவ்வளவுதான் அவர் சொன்னார். மாஸ்டர் கீழே குனிந்து, பிளந்த நாக்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் ரெண்டு தடவை தட்டினேன் அண்ணே. காது ஒண்ணு சொல்லுச்சு, உங்க வாய் ஒண்ணு சொல்லுச்சு. நான் உங்க வாயை நம்பினேன்."

அக்கா மேலே போகாமல் திரும்பவில்லை. இருவர் இருவராகக் கைகளைக் கோத்து இருக்கை போலாக்கி, மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் கையை நீட்டினேன். நீ வேண்டாம் என்றார். வெயில் உச்சிக்கு வரும்வரை உடைந்த நாற்காலிக்குப் பக்கத்தில் படியடியில் நின்றேன். மேலே ஒரு சத்தம் கேட்கும்போதெல்லாம் யாரோ உருண்டு விழுகிறார்கள் என்றே தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை அந்த நாக்கு சுவரில் ஏறியது, என் பெயரோடு. அதை அறுக்கத் தேவையிருக்கவில்லை. பட்டியலிலிருந்து என்னை நீக்கினார்கள். பத்து மாதம் மறுபடியும் கட்டை சுமந்தேன். எப்படிச் சுமந்தேன் என்பது என் மனைவிக்குத் தெரியும். அடுத்த வகுப்பு தொடங்கியபோது மாஸ்டர் என் பெயரை அவரே எழுதிக் கொடுத்திருந்தார். முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அடுத்த தைப்பூசம் நெருங்கியது. அக்கா ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். ஒரு வருடமாக நான் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. இடது சட்டத்தை நீயேதான் செய்ய வேண்டும் என்றார். தேக்கு வாங்கிவிட்டேன், இரண்டு சட்டத்துக்கும் இரண்டு காலுக்கும் போதும் என்றார். எதற்கு இரண்டு என்று கேட்டேன்.

"ரெண்டு செய். ஒண்ணை நான் கை காட்டுறேன், சீனர் அறுக்கட்டும். மத்ததுலே நான் உக்காருறேன்."

பத்தொன்பது மாலைகள் ஆயின. எது அறுபடும் என்று தெரியாததால் இரண்டையும் ஒரே மாதிரி செய்வதைத் தவிர வேறு வழி இல்லை. சனிக்கிழமை மதியம் அக்காவைக் கொட்டகைக்குத் தூக்கி வந்தார்கள். இரண்டையும் அவர் மடியில் வைத்தேன். வெகுநேரம் பார்த்து, ஒன்றை மாஸ்டரிடம் நீட்டினார். வாள் ஓடும்போது நான் எண்ணவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மாஸ்டர் இரண்டு பாதிகளையும் வெளிச்சத்துக்குத் திருப்பி அக்காவிடம் காட்டிக்கொண்டிருந்தார். நாக்கு துளையை நிறைத்திருந்தது. முளை ஒரு காசுத் தடிப்புக்கு வளைந்து, இறுகி நின்றது.

அதன்பின் பணிமனையில் எத்தனையோ வருடம் வேலை பார்த்தேன். பிரிவின் பொறுப்பு என் கைக்கு வந்தபோது அந்தப் பழக்கத்தைத்தான் சட்டமாகப் போட்டேன். எந்தப் பசை வந்தாலும் மாற்ற வேண்டாம் என்று தச்சர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்றை அறுத்துவிட்டால் பயம் போய்விடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். நாம் அறுத்துப் பார்ப்பது ஒன்று. ஆள் உட்காருவது நாம் பார்க்காத மற்றொன்று.

அந்தத் தைப்பூசத்தில் பின்பக்க இடது கழியை அக்காவே எனக்குக் கொடுத்தார். ஆற்றில் இறக்கச் சொன்னார், இறக்கினோம். படியில் சாயும்போதெல்லாம் என் கண் அந்தக் கோட்டின்மேல்தான் இருந்தது. பாதி வழியில் மூச்சு வாங்க நின்றபோது, இடது கையால் சட்டத்தை அடியில் தாங்கிப் பிடித்திருந்தேன். அக்கா திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"என்ன முத்தையா, இன்னும் பயமா இருக்கா?"

"இருக்கு அக்கா."

"இருக்கட்டும். கையை எடுத்துடாதே."